இரண்டாவது தட்டு

1

ஓர் அறைக்குள் எட்டுப் பேர் இருந்து என்னுடைய வலது முழங்கையை மூன்று தரம் பார்த்தார்கள். முதல் தரம் சாதாரண வேகத்தில், இரண்டாம் தரம் மெதுவாக, மூன்றாம் தரம் படத்தை அப்படியே நிறுத்திவைத்து. சுவரில் பெரிய திரை. திரையில் பச்சை உடுப்புப் போட்ட ஒரு கறுத்த மனுசி. அவளுடைய முழங்கை ஒரு தட்டின் விளிம்பில் முட்டி நிற்கிறது, தட்டு சரிகிறது. அந்த மனுசி நான்தான். நாற்பத்தெட்டு வயதில் வகுப்புக்கு நடுவில் என்னைப் படம் காட்டுகிறார்கள்.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். நான் ஜேர்மனியில், டோர்ட்மண்டில் இருக்கிறேன். மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிற தாதிமாருக்கான இரண்டு வருடச் சிறப்புப் படிப்பு படித்தேன். ஆளை முழுதாக மயக்காமல் ஒரு கையை, ஒரு காலை, ஒரு தோளை மட்டும் விறைக்கப் பண்ணுவது அதில் ஒரு பெரிய பாடம். இங்கே ஊசி குத்துவது டொக்டர். மருந்தை அளந்து எடுப்பதும், அவர் சொல்லச் சொல்ல மெல்ல ஏற்றுவதும், நோயாளியோடு கதை கொடுத்துக்கொண்டே முகத்தைக் கவனிப்பதும், எந்தப் பக்கம் என்று டொக்டரோடு சேர்ந்து சரிபார்ப்பதும் தாதியின் வேலை. உயிருள்ள ஆளிடம் போக முதல் இதையெல்லாம் பொம்மையில் பழக வேண்டும். பொம்மை என்றால் சும்மா பொம்மை இல்லை. மூச்சு விடும், கண் வெட்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒருவர் அதற்காகக் கதைப்பார். பெயர்கூட உண்டு. அன்றைக்கு அதற்குப் பெயர் ஹெர் ஷுல்ட்ஸ், அதாவது திரு ஷுல்ட்ஸ், வயது அறுபத்தேழு, வலது தோளில் சத்திரசிகிச்சை.

அன்றைக்கு நடந்தது சோதனை. வேபர் என்கிற உண்மையான டொக்டர் ஒருவர் டொக்டராக நடித்தார். அவர் வேண்டுமென்றே ஹெர் ஷுல்ட்ஸின் இடது கழுத்தைத் துடைக்கத் தொடங்கினார். தோளை விறைக்கப் பண்ணுகிற ஊசியைக் கழுத்தில்தான் போடுவது, ஆனால் வெட்டுகிற பக்கம் இது என்று வலது தோளில் நீல மையால் புள்ளடி போட்டிருந்தது. நான் கண்டேன். கண்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், 'ஸ்டொப்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இங்கே மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலையிலேயே கையை முன்னுக்கு நீட்டி அதைச் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள்.

நான் என்ன செய்தேன்? முதலில் விளக்கை வலப் பக்கம் திருப்பினேன். பிறகு, ஹெர் டொக்டர், வலப் பக்கத் துணியை விலத்திவிடவா என்று பணிவாகக் கேட்டேன். வேண்டாம் என்றார். அவர் ஊசியை எடுக்கக் கை நீட்டியபோது என் முழங்கை தட்டைத் தட்டியது. ஊசி, மருந்து, துணி எல்லாம் நிலத்தில்.

டொக்டர் வேபர் கோபிக்கவில்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த அலுமாரியைத் திறந்து இரண்டாவது தட்டை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த கடதாசியை உரித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஹெர் ஷுல்ட்ஸின் இடது கழுத்தில் ஊசி ஏறியது.

படத்தை நிறுத்திவைத்துவிட்டு எங்கள் பயிற்சியாளர் ஃபிராவ் பிராண்ட் என்னிடம் கேட்டார். அவர் கெட்ட மனுசி இல்லை. குரலும் மெல்லிய குரல்தான்.

“உங்கள் கண் புள்ளடியைப் பார்க்கிறது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?”

“நான் சொன்னேன்” என்றேன்.

எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பகிடி விடுகிறேன் என்று சிலர் நினைத்திருப்பார்கள். சத்தியமாக நான் பகிடி விடவில்லை. எனக்குத் தெரிந்த விதத்தில் மூன்று தரம் சொல்லியிருந்தேன்.

2

நான் வேலை பழகியது வடக்கில் ஓர் ஆஸ்பத்திரியில், சண்டையால் பாதை பூட்டி, சாமான் வராமல் இருந்த காலத்தில். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அந்த நாளில் எல்லாம் ஒன்றுதான். முதுகில் விறைப்பு ஊசி போடுகிற தட்டு எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பாவித்தால் கழுவி, அவித்து, ஆறவிட்டு எடுக்க முக்கால் மணித்தியாலம் ஆகும். டொக்டர்மார் இரண்டு பேர், சில நாட்களில் ஒருவர். நித்திரை இல்லாமல் வேலை செய்கிற மனுசர் பிழை விடத்தான் செய்வார்கள். ஆனால் டொக்டரைப் பார்த்துப் பிழை என்று சொல்கிற வாய் எங்களில் ஒருத்திக்கும் இருக்கவில்லை. சேர் என்றால் சேர்தான்.

அதற்காக நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றோம் என்று நினைக்காதீர்கள். மருந்துப் புட்டியில் பெயர் தெரிகிற பக்கத்தை அவருக்கு நேரே திருப்பி வைப்போம். விளக்கைத் திருப்புவோம். செருமுவோம். 'சேர், மற்றக் காலையும் துடைச்சு விடவோ' என்று ஒன்றும் தெரியாத ஆட்கள் மாதிரிக் கேட்போம். விளக்கமான டொக்டர் என்றால் ஒரு கணம் நின்று, அதைத்தான் சொல்ல வந்தனான் என்று பக்கம் மாறிவிடுவார். ஒருவருக்கும் முகம் கறுக்காது, வேலையும் சரியாக நடக்கும்.

ஒன்றுக்கும் அசையாத ஆளுக்குக் கடைசியாக ஒன்று வைத்திருந்தோம். தட்டைத் தட்டிவிடுவது. தட்டு விழுந்தால் முக்கால் மணித்தியாலம் கையில் கிடைக்கும். அதற்குள் சேர் ஒரு தேத்தண்ணி குடித்து, நோயாளியின் துண்டைத் திரும்ப வாசித்து, தானாகவே கண்டுபிடித்துவிடுவார். விழுகிற ஏச்சு முழுக்க எங்களுக்கு. எனக்கு அங்கே 'கைதவறி' என்றுதான் பட்டப்பெயர். ஆறு வருடத்தில் நான்கு தட்டு. நான்கு பேரும் சரியான காலில் வெட்டுப்பட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கே இது தெரியாது. எனக்கு அதில் ஒரு களவான பெருமை இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது.

இங்கே அலுமாரி நிறையத் தட்டு. விழ விழ எடுக்கலாம். என்னுடைய கெட்டித்தனம் முழுவதும் ஒரே ஒரு தட்டை நம்பி இருந்தது என்பது அந்தத் திரைக்கு முன்னால் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஃபிராவ் பிராண்டிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு ஜேர்மன் போதாது என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. சித்தியடையவில்லை. காரணம் இரண்டு: அபாயத்தைக் கண்டும் தெரிவிக்கவில்லை, சுத்தமான பொருட்களைக் கவனயீனமாகக் கையாண்டார். அந்த இரண்டாவது காரணம்தான் என்னை அதிகம் கொன்றது.

3

ஒரு தரம்தான் திருப்பி எடுக்கலாம். அதிலும் விட்டால் இரண்டு வருடம் தண்ணீரில் போனது மாதிரி.

போகட்டும், சாதாரண வார்டில் வேலை செய்யலாமே என்பீர்கள். ஏலாது. நான் இங்கே வந்து இறங்கியபோது என்னுடைய தாதிச் சான்றிதழ் வெறும் கடதாசி. அதை அங்கீகரிக்கச் சொல்லி அன்ட்ராக் போட்டால், அதாவது விண்ணப்பம் போட்டால், மொழிபெயர்ப்பு கேட்டார்கள். மொழிபெயர்ப்புக் கொடுத்தால் அதற்கு முத்திரை கேட்டார்கள். முத்திரையோடு போனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கலியாணப் பதிவில் இன்னொரு மாதிரி என்று என் பெயர் மூன்று விதமாக இருக்கிறது, இதில் எது நீ என்று கேட்டார்கள். அது முடியப் பதினொரு வருடம் ஆயிற்று. அந்தப் பதினொரு வருடமும் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாக நின்று ஆட்களைத் தூக்கினேன், திருப்பினேன், குளிப்பாட்டினேன். என்னை விட இரண்டு மடங்கு பாரமான மனுசர். இப்போது முதுகெலும்பில் இரண்டு தட்டுகள் பிதுங்கியிருக்கின்றன. இனிமேல் ஒருவரையும் தூக்கக்கூடாது என்று டொக்டர் எழுதித் தந்துவிட்டார். தூக்காமல் வார்டில் என்ன வேலை? மயக்க மருந்துப் பிரிவுதான் எனக்கிருந்த ஒரே கதவு.

பயம் பிடித்துவிட்டது. வேலைக்குப் போகிற ரயிலில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாய்க்குள் ஸ்டொப், ஸ்டொப் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்தால் சப்பாத்துக் கழற்றவும் மனம் இல்லாமல் வாசல் முக்காலியில் அப்படியே இருப்பேன். சாமி அறையில் விளக்கு வைத்துவிட்டு, முருகா ஒரு சொல்லைத் தா, ஒரே ஒரு சொல்லு என்று கேட்டேன். இந்த வயதில் கேட்கிற வரமா அது?

4

மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. அவளுக்கும் எனக்கும் இடையில் இப்போது சாப்பாடு, உடுப்பு, ரயில் நேரம் என்று மூன்று விஷயங்கள்தான் மிச்சம். நான் தமிழில் கேட்பேன், அவள் போனைப் பார்த்தபடி ஜேர்மனில் பதில் சொல்வாள். எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தேன், பிள்ளை அந்தப் பக்கத்தில் நின்றாள்.

அவள் எனக்கு முன்னமே அந்தக் கடிதத்தை வாசித்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை காலையில் தானாகவே குசினிக்குள் வந்து, தான் டொக்டராக நிற்கிறேன், பழகுவோம் என்றாள். சோபாவில் இருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினாள். வலது மூலையில் ஒரு புள்ளடி. ஊசிக்குப் பதிலாகப் பேனை. இடது மூலையில் குத்த வந்தாள். 'நிப்பாட்டடி' என்று உடனே கத்தினேன். அவள் தலையாட்டினாள். இது செல்லாது, உடுப்பு மடிக்காததற்கு ஏசுகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

போய்த் தகப்பனுடைய கோட்டைப் போட்டு, அவருடைய கண்ணாடியையும் மூக்கில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, தடித்த குரலில், சிஸ்டர், தட்டு எங்கே என்று ஜேர்மனில் கேட்டாள். பேனை இடது மூலையில் இறங்கியது. எனக்கு வாய் ஒட்டிப்போயிற்று. விசர் வேலை! நான் பெற்ற பிள்ளை, என் புருசனின் கோட்டு, கிடப்பது தலையணை. வாய் திறக்கவில்லை, ஆனால் கை மட்டும் தன் பாட்டில் சீனிப் போத்தலைத் தட்டப் போனது.

ஆரணி கண்ணாடியைக் கழற்றினாள். அதன் பிறகு அவள் கதைத்தது தமிழில். அதனால்தான் எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

“அம்மா, உங்களுக்குக் கீழ இருக்கிற ஆக்களிட்டத்தான் உங்களுக்குச் சத்தம் வருது.”

நான் சீனிப் போத்தலைத் தள்ளி வைத்தேன்.

“எட்டாம் வகுப்பில எல்லாரும் கடலுக்குப் போகேக்க அப்பா கையெழுத்து வைக்கேல்லை. அது பிழையெண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு இடியப்பம் அவிச்சுத் தந்தனீங்கள்.”

அந்த வருடம் வகுப்பு முழுவதும் ஐந்து நாள் வடகடல் தீவு ஒன்றுக்குப் போனது. போகாத பிள்ளை வீட்டில் நிற்கக்கூடாது, பக்கத்து வகுப்பில் போய் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆரணி ஒரு கிழமை, தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில், கடைசி வாங்கில் தனிய இருந்தாள். அந்தக் கிழமை முழுக்க நான் அவளுக்கு விருப்பமான சாப்பாடாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றாளே, அது சரியா? என் கணவர் பொதிகள் பிரிக்கிற களஞ்சியம் ஒன்றில் விடிய வேலைக்குப் போய் மூன்று மணிக்கு வருகிறவர். வந்தவுடன் தேத்தண்ணி. அந்தப் பள்ளிக்கூடப் படிவத்தை நான் ஒவ்வொரு நாளும் அவர் இருக்கிற இடத்தில் வைத்து, அதற்கு மேலே தேத்தண்ணிக் கப்பை வைத்தேன், பக்கத்தில் பேனையும் வைத்தேன். கப்பைத் தூக்கினால் படிவம் கண்ணில் படத்தான் வேண்டும். முதல் நாள் பார்த்துவிட்டு, பொம்பிளைப் பிள்ளை, பாப்பம் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் குடித்துவிட்டுக் கப்பைத் திரும்ப அதன் மேலேயே வைத்தார். கடைசித் திகதி போய்விட்டது. அவருக்கு மனமில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன்.

இதை ஆரணிக்குச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் அதே மேசையில், அதே இடத்தில், ஒரு கிழமையாக இன்னொரு கடதாசி கிடந்தது. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் விமானம் திருத்துகிற வேலைக்கு அவளுக்கு அவுஸ்பில்டுங் கிடைத்திருந்தது, தொழிற்பயிற்சி. எங்கள் சனத்தில் டொக்டருக்குப் படிக்காத பிள்ளையைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பதினெட்டு ஆகாதபடியால் தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்க வேண்டும். இவர் வைக்காமல் நான் எப்படி முதலில் வைப்பது என்று நான் வைக்கவில்லை. கடதாசியில் ஏற்கெனவே தேத்தண்ணிக் கப்பின் மூன்று வட்டக் கறை.

ஆரணி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

5

பழகினேன். வேறு என்ன செய்வது? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு பன்றித் தோள் இறைச்சியைத் தட்டில் வைத்துத் தந்து, ஊசி தசைக்குள் போகிறபோது கைக்கு எப்படித் தெரியும் என்று குத்திப் பார்க்கச் சொன்னார்கள். குத்திவிட்டு வந்து தலை முழுகினேன். இன்னொரு நாள் ஒருவருடைய கழுத்தை ஒருவர் ஸ்கேன் கருவியால் பார்த்தோம். என் கழுத்தில் கருவியை வைத்த லேனாவுக்கு இருபத்துநான்கு வயது. கழுத்து நரம்புகள் திரையில் மூன்று கறுப்பு வட்டமாக, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. வடிவான நரம்பு உனக்கு என்றாள். வேறு ஒருவரும் இங்கே என்னில் எதையும் வடிவு என்று சொன்னதில்லை.

அவளிடம் கேட்டேன், பெரிய டொக்டரைப் பார்த்து ஸ்டொப் என்று எப்படிச் சொல்கிறாய் என்று. அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. எப்படி என்றால் என்ன, வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான் என்றாள். சுவிங்கம் மென்றுகொண்டுதான் சொன்னாள். எனக்கு அவளில் கோபம் வந்தது, பிறகு என்னில் வந்தது.

ஃபிராவ் பிராண்ட் ஒரு நாள் என்னை மட்டும் மறித்து வைத்துச் சொன்னார். ஒரு தரம் சொல்வது போதாது, இரண்டு தரம் சொல்லப் பழகுங்கள் என்றார். முதல் தரம் அவருக்குக் கேட்காமல் போகலாம், அல்லது கேட்க மனமில்லாமல் இருக்கலாம். இரண்டாம் தரம் சொல்கிறவள்தான் நோயாளியைக் காப்பாற்றுகிறாள். நான் தலையாட்டினேன். ஒரு தரத்துக்கே வழியில்லை, இதில் இரண்டு தரம்.

6

இரண்டாவது சோதனையில் பொம்மைக்கு நரைத்த தலைமயிர் வைத்திருந்தார்கள். ஃபிராவ் கெல்லர், வலது மணிக்கட்டு முறிவு. டொக்டர் அதே வேபர்தான். நான் புள்ளடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சரியான கையைத்தான் துடைத்தார். பக்கத்தை என்னோடு சேர்ந்து சரிபார்த்தார். ஊசியும் சரியான இடத்துக்குப் போனது. எனக்கு உயிர் வந்தது.

அவர் ஒரு கையில் ஸ்கேன் கருவியையும் மறு கையில் ஊசியையும் பிடித்துக்கொண்டு, மருந்தை ஏற்றச் சொன்னார். மருந்துக் குழாய் என் கையில் இருந்தது. கொஞ்சம் ஏற்றினேன். இன்னும் என்றார். ஏற்றினேன். அப்போது ஃபிராவ் கெல்லர், வாயில் இரும்பு ருசிக்கிறது என்றார். பிறகு, காதுக்குள் கூவுகிறது என்றார். உதடு விறைக்கிறதாம்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். மருந்து நரம்பைச் சுற்றி நிற்காமல் இரத்தத்தில் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் போனால் வலிப்பு வரும், அதற்கு மேல் போனால் இதயம் நிற்கும்.

இன்னும் என்றார் டொக்டர் வேபர்.

தட்டு எட்டாத தூரத்தில் இருந்தது. என் பெருவிரல் தானாகவே நின்றுவிட்டது. உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் மூளை ஒரு களவைத்தான் தேடியது. அமத்துகிற மாதிரி அமத்தாமல் நில், அவருக்குத் தெரியாது என்றது. அவர் என் கையைப் பார்த்தார். கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளையின் முதுகு எனக்கு ஞாபகம் வந்தது. நான் அந்த முதுகைக் கண்ணால் கண்டதுகூட இல்லை.

“ஸ்டொப்” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவருக்குக் கேட்டது. முகத்தைச் சுளித்தார். இருபது வருடமாக இதைச் செய்கிறேன், இந்த நோயாளி அம்மா பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான், ஏற்றுங்கள் என்றார். நடிப்புத்தான். நடிப்பு என்று தெரிந்தும் என் பெருவிரல் திரும்பக் குழாயில் போய் நின்றது. ஒரு தரம் சொல்லிவிட்டேன்தானே, என் கடமை முடிந்தது என்று ஒரு மனம் சொன்னது. மருந்துக் குழாயைக் கீழே வைத்தேன். உள்ளங்கையை அவருக்கு முன்னால் நீட்டினேன், பாலர் பாடசாலைப் பிள்ளை மாதிரி.

“ஸ்டொப். மருந்து இரத்தத்தில் ஏறுகிறது. நான் இனி ஏற்ற மாட்டேன்.”

அவர் ஊசியை வெளியே எடுத்தார். ஆட்களைக் கூப்பிடச் சொன்னார், மாற்று மருந்தைக் கேட்டார். அது எல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. எல்லாம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு என்னிடம் வந்து, நன்றி என்றார். இரண்டு நாட்டிலும் சேர்த்து என் இருபத்தைந்து வருட வேலையில் ஒரு டொக்டரை மறித்ததற்குக் கிடைத்த முதல் நன்றி அது. கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

7

வீட்டுக்கு வந்தபோது மூன்றரை மணி. இவர் வேலையால் வந்து மேசையில் இருந்தார். ஆரணி குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டு நின்றாள். கடதாசி அதே இடத்தில் கிடந்தது. பாஸ் என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். இவருக்குச் சரியான சந்தோஷம். ஆரணி கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே தலையை விட்டாள்.

நான் தேத்தண்ணி போடவில்லை. உடுப்பும் மாற்றவில்லை. பேனையை எடுத்து என் பெயர் போட வேண்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். பிறகு கடதாசியை அவருக்கு முன்னால் தள்ளினேன்.

“இஞ்சேருங்கோ, இதில கையெழுத்து வையுங்கோ.”

அவர் பாப்பம் என்றார். எப்போதும் சொல்கிற அதே பாப்பம். இரண்டாம் தரம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். டொக்டர் வேபருக்குச் சொன்னதை விட இது கஷ்டம்.

“பாப்பம் இல்லை, இப்ப. பிள்ளை போகட்டும். எனக்கு விருப்பம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனையை எடுத்தார், கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான். தேத்தண்ணி ஆற எடுக்கிற நேரம்கூட எடுக்கவில்லை.

“உமக்கு விருப்பமெண்டால் பிறகேன் மூண்டு கிழமையா இதுக்கு மேல தேத்தண்ணியை வைச்சுத் தந்தனீர்?” என்று கேட்டார். “உமக்கு மனமில்லை, இதை மூடி வைக்கிறீர் எண்டெல்லோ நான் நினைச்சன். தாய்க்கு விருப்பமில்லாத இடத்தில நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?”

எனக்குக் காதுக்குள் கூவியது. கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன்.

“அப்ப அந்தப் பள்ளிக்கூடப் பயணம்?”

“அதுவும் அப்பிடித்தான்” என்றார். “நீர் ஏதும் சொல்லுவீர் எண்டு பாத்தனான்.”

குளிர்சாதனப் பெட்டியின் கதவு சாத்துப்பட்டது. ஆரணி திரும்பி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தகப்பன் மறித்தார் என்று அவரோடு நாலு வருடம் முகம் கொடுத்துக் கதைக்காத பிள்ளை. மறித்தவர் இல்லை அவர். அவரும் யாழ்ப்பாணத்து மனுசன்தானே, சொல்லாமலே விளங்கும் என்று நான்தான் நம்பியிருந்தேன். நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆரணி மேசைக்கு வந்து கடதாசியை எடுத்தாள். வட்டக் கறைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை. போய் அலுமாரியைத் திறந்து, இடியப்ப மா இருந்த போத்தலில் கையை வைத்துவிட்டேன்.

வைத்த கையை எடுத்தேன். அலுமாரியைச் சாத்தினேன். திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்று, “பிழை என்னில, பிள்ளை” என்றேன்.

முதல் தரம் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சொன்னேன்.